கொழுந்துத் தொழிற்சாலை முகாமையாளர் ‘உறவுப் பயிற்சி’க்குப் போகலாமா?

பண்டாரவளைப் பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கித் தேயிலை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பொது முகாமையாளர் கேட்டிருக்கிறார்: கொழும்பில் நான்கு நாள் உயர்மட்டப் பயிற்சி ஒன்றுக்குக் கம்பனி அனுப்பப் போகிறது. ‘உறவுகள் மூலம் வியாபார மதிப்பை உருவாக்குதல்’ என்று தலைப்பு. கட்டணம் இலட்சங்களில், அதற்கு மேல் இரண்டு வருடம் வேலையை விட்டு விலகமாட்டேன் என்று பாண்ட் வேறு. இதில் உண்மையில் ஏதாவது இருக்கிறதா, இல்லை கோட்டுப் போட்டுக் கைகுலுக்கிப் பழகும் வித்தைதானா, நம்ம மலையகத்துக்கு இது பொருந்துமா?

போகலாம். ஆனால் எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் காசு திரும்பி வரும். தோட்ட முகாமையாளர்களுக்கும் தொழிற்சாலைக்காரர்களுக்கும் இந்த மாதிரி வகுப்பு எடுக்கிற ஆள் நான், அதனால் சொந்தக் கடையைக் குறை சொல்லமாட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லத்தான் போகிறேன். கொழும்பு ஹோட்டலில் நடக்கும் வகுப்பு உங்களை மேலேயும் வெளியேயும் பார்க்கப் பழக்கும், அதாவது பேங்க், ஏற்றுமதியாளர், அமைச்சு, முதலீட்டாளர் என்று. உங்கள் தொழிலில் காசு கூடுவதும் குறைவதும் கீழே, லொறிக்காரர் கொழுந்து நிறுக்கிற இடத்தில். அந்த இடத்துக் கணக்கைப் பையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகாவிட்டால் நல்ல சாப்பாடும் ஒரு சான்றிதழும்தான் மிச்சம்.

முதலில் இது என்ன சரக்கு என்று பார்ப்போம். பட்டம் கிடையாது, பெரும்பாலும் பரீட்சையும் கிடையாது. ஏற்கெனவே பொறுப்பில் இருக்கும் ஒருவரைச் சில நாட்கள் வேலையிலிருந்து பிரித்தெடுத்து, அதே அளவு பொறுப்புள்ள வேறு துறைக்காரர்களோடு உட்காரவைத்து, நடந்த வியாபாரச் சம்பவங்களை வைத்து வாதாடவிடுவதுதான் முறை. ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1945இல் உயர் முகாமையாளர்களுக்கென்று தொடங்கிய பாடநெறியைத்தான் பலரும் மாதிரியாக வைத்திருக்கிறார்கள். ‘உறவு’ என்று தலைப்பு வைத்தால் யார் யார் உங்கள் தொழிலைத் தாங்குகிறார்கள் என்று ஒரு படம் போடவைப்பார்கள், பேரம் பேசும் ஒத்திகை நடக்கும், நம்பிக்கை எப்படி உண்டாகிறது, எப்படி உடைகிறது என்று ஒரு பாதிநாள் போகும், உங்களோடு வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிய அபிப்பிராயத்தை உறையில் போட்டுத் தருவார்கள். அந்த உறைதான் பலருக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது, அதனாலேயே அது நல்ல விஷயம்.

இதற்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1963இல் ஸ்டுவர்ட் மெக்கோலி என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் விஸ்கொன்சின் மாநிலத்து வியாபாரிகளையும் அவர்களுடைய சட்டத்தரணிகளையும் விசாரித்து ஒரு கட்டுரை எழுதினார். ஒப்பந்தம் கையில் இருந்தாலும் சச்சரவு வந்தால் வியாபாரிகள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, ஃபோனை எடுத்துப் பேசித் தீர்த்துவிடுகிறார்கள், வக்கீலைக் கூப்பிட்டால் அடுத்த ஓடர் போய்விடும் என்று பயப்படுகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. வகுப்பில் அனேகமாக வரும் இன்னொரு சம்பவம் 1997 பெப்ரவரி 1ஆம் திகதி ஜப்பானில் ஐசின் கம்பனியின் தொழிற்சாலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வைக் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே இடத்தில்தான் செய்தார்கள். டொயோட்டாவிடம் சில மணி நேரத்துக்குத்தான் கையிருப்பு. தொழிற்சாலைகள் நின்றன. அப்புறம் நடந்ததுதான் பாடம்: தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பனி உட்பட ஏராளமான நிறுவனங்கள், என்ன விலை, யார் செலவு என்று முதலில் பேரம் பேசாமல் அந்த வால்வைச் செய்யத் தொடங்கின. ஒரு வாரத்துக்குள் கார் வரிசைகள் திரும்ப ஓடின. ‘நாளைக்கு எனக்கு வந்தால் நீ நிற்பாய்’ என்ற பழைய கணக்குத்தான் அங்கே வேலை செய்தது.

நம்ம தேயிலைத் தொழிலுக்கு இது புதுசும் இல்லை. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, 2020 ஏப்ரலில் கொவிட் வந்து கணினித் திரைக்கு மாற்றும்வரை ஆட்கள் மண்டபத்தில் உட்கார்ந்து வாயால் விலை சொல்லித்தான் வாங்கினார்கள். சொன்ன விலையிலிருந்து பின்வாங்குபவன் அடுத்த கிழமை அந்த மண்டபத்தில் முகம் காட்ட முடியாது. திரைக்கு மாறியபின்னும், ஏலத்தில் உங்களுக்காக விற்றுத்தரும் தரகர் உங்கள் தேயிலையைச் சுவைத்துவிட்டு ‘இந்த முறை இலை வாட்டம் போதவில்லை, பார்த்துக்கொள்ளுங்க’ என்று சொல்வதும், விற்காத தேயிலைக்கு முன்பணம் தருவதும் அப்படியே இருக்கிறது. உங்கள் பேங்க் தராத நேரத்தில் தரகர் தந்த அட்வான்ஸில் கொழுந்துக் காசு கொடுத்த மாதங்கள் உங்களுக்கும் இருந்திருக்கும்.

சரி, ‘மதிப்பு’ என்றால் என்ன? வகுப்பில் இதற்குப் பெரிய படங்கள் போடுவார்கள். என் கணக்கில் நல்ல உறவு உங்களுக்கு இரண்டு பொருளைத் தருகிறது: கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேரும், கெட்ட நாளில் மறுபக்கத்தவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். இரண்டையும் ரூபாயாக மாற்றிப் பார்க்கலாம். மாற்றிப் பார்க்க முடியாத உறவு நட்பாக இருக்கலாம், சொந்தமாக இருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதற்குக் கம்பனி பயிற்சிக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

உங்கள் தொழிற்சாலையையே எடுப்போம். நாட்டுத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிறுதோட்டக்காரர் கொழுந்திலிருந்து வருகிறது என்பதும், தொழிற்சாலையின் தேயிலை விற்ற சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்ற அடிப்படைச் சூத்திரமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு உதாரணம் போடுகிறேன். ஒரு நாளைக்கு 15,000 கிலோ கொழுந்து அரைக்கக்கூடிய தொழிற்சாலைக்கு 9,000 கிலோதான் வருகிறது என்று வையுங்கள். உறவு நன்றாக இருப்பதால் கூட 1,000 கிலோ வருகிறது. 100 கிலோ கொழுந்துக்கு 21.5 கிலோ தேயிலை என்று எடுத்தால் 215 கிலோ. ஏல விலை கிலோ 1,200 ரூபா என்று வைத்தால் 2,58,000 ரூபா. அதில் உங்கள் 32 வீதம் 82,560 ரூபா. விறகு, கரண்ட், சாக்கு, லொறி ஓட்டம் எல்லாம் அதிலிருந்து போகும், ஆனால் ரோலர் மெஷினுக்கு வாங்கிய கடனும், உங்கள் சம்பளமும், காவற்காரர் சம்பளமும் அந்த ஆயிரம் கிலோ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். எனவே மிச்சத்தில் பெரும்பகுதி நேரே இலாபக் கணக்குக்குப் போகிறது, அதுவும் ஒரே நாளில். வேலை செய்யும் நாட்களால் பெருக்கிப் பாருங்கள். இந்தக் கணக்கை உங்கள் சொந்த எண்களோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போனால் அங்கே வரும் எல்லாப் பேச்சும் அந்தத் தாளில் வந்து ஒட்டும்.

இப்போது அந்த 1,000 கிலோ ஏன் உங்களிடம் வராமல் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகிறது? கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபா கூடக் கொடுக்கிறான், அதனால்தான் என்று, கொழுந்து சேகரிப்பைப் பார்க்கும் உங்கள் கொழுந்து உத்தியோகத்தர் சொல்வார். அது பாதி உண்மை. மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மூன்று பேர் 1995இல் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள், இந்த வகுப்புகளில் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்: இவனுக்கு வேலை தெரியுமா, இவன் என் நன்மையை நினைக்கிறானா, இவன் சொன்னபடி நடப்பவனா. பலர் இதைத் திரையில் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் இதைத் தராசுக்குக் கொண்டுபோங்கள். லொறி தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறதா, கொழுந்து சாக்கில் வெந்துபோகுமுன் தொழிற்சாலைக்குச் சேர்கிறதா என்பது முதலாவது. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது அட்வான்ஸ் கிடைக்குமா, உரம் கடனுக்கு வருமா என்பது இரண்டாவது. மழை நாளில் ஈரத்துக்கென்று நிறையிலிருந்து எத்தனை கிலோ வெட்டுகிறீர்கள், யாருக்கு வெட்டுகிறீர்கள், யாருக்கு வெட்டாமல் விடுகிறீர்கள் என்பதுதான் மூன்றாவது.

நம்ம ஆட்கள் இரண்டாவதில் மன்னர்கள். தீபாவளிக்குச் சேலை, புத்தாண்டுக்குப் பொதி, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது, மகள் கல்யாணத்துக்கு மொய், எதிலும் குறை வைக்கமாட்டார்கள். மூன்றாவதில் ஒழுகும். வருடம் முழுக்க 40 கிலோவுக்கு இரண்டு கிலோ காரணம் சொல்லாமல் வெட்டிவிட்டு வருடக் கடைசியில் ஒரு குடை கொடுத்தால், வாங்குகிற அம்மாவுக்குக் கணக்குத் தெரியாதா என்ன? அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார். முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு நல்ல கொழுந்தைப் பக்கத்துத் தொழிற்சாலைக்கும் முற்றின இலையை உங்களுக்கும் போடுவார். உங்கள் தேயிலையின் தரம் ஏலத்தில் ஏன் இறங்குகிறது என்று தரகரிடமும் தொழிற்சாலை உத்தியோகத்தரிடமும் விசாரித்துக்கொண்டிருப்பீர்கள், விடை லொறிச் சந்தியில் கிடக்கும். ஈர வெட்டுக்கு ஒரு விதி எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் லொறியில் ஒட்டி, எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டினால், வெட்டு கூடுதலாக இருந்தால்கூட மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறுவதைத்தான் பொறுப்பதில்லை.

மொழியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் கொழுந்து கொடுப்பவர்களில் பெரும்பங்கு சிங்களக் கிராமத்தவர், தொழிற்சாலைக்குள் வேலை செய்பவர்களில் பலர் தமிழர், தரகரின் அறிக்கை ஆங்கிலத்தில், வகுப்பும் அனேகமாக ஆங்கிலத்தில்தான். அங்கே பழகும் கேள்விகளைக் கிராமத்துச் சிங்களத்திலும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துத் தமிழிலும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். ‘உங்கள் எதிர்பார்ப்புகள் என்ன’ என்று ஒரு சிறுதோட்டக்காரரிடம் கேட்டால் அவர் ஏதோ வாக்கெடுப்பு என்று நினைத்துக்கொள்வார். ‘போன மாசம் எந்த நாள் எங்க மேல கோவம் வந்திச்சு?’ என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

மலையகத்துக்குப் பொருந்துமா என்று கேட்டீர்களே, அதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மேற்கத்தேயப் பாடத்திட்டம் மனிதர்கள் தனித்தனியாக இருக்கிறார்கள், அவர்களை இணைத்தால் பலன் என்று நினைத்துப் போட்டது. நம்ம ஊரில் எல்லாரும் ஏற்கெனவே பின்னிக் கிடக்கிறார்கள். கொழுந்து உத்தியோகத்தரின் மச்சான் லொறி வைத்திருப்பார், லொறிக்காரரின் அண்ணன் தொழிற்சங்கத் தலைவர், தலைவரின் மகன் உங்கள் தொழிற்சாலையில் எழுதுவினைஞர். இங்கே உறவை உண்டாக்கப் பயிற்சி வேண்டியதில்லை. எந்த உறவில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று கோடு போடுவதற்குத்தான் வேண்டும். அந்தக் கோடு இல்லாததால் நம்ம பக்கத்தில் நல்ல முகாமையாளர்கள்கூட ‘தெரிஞ்ச ஆள்’ விற்ற பழுதான பொய்லரோடு வருடக்கணக்கில் போராடுகிறார்கள். கொழும்பு வகுப்பில் இந்தப் பகுதி இருக்காது, நீங்களே கேட்டு எழுப்ப வேண்டும். நல்ல விரிவுரையாளர் என்றால் சந்தோஷப்படுவார்.

பின்னிக் கிடப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், பொஸ்டனுக்குப் பக்கத்து நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம் விசாரித்ததை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 17 வீதம்கூட இல்லை. எப்போதாவது பார்ப்பவர், அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம்தான் மற்றவர்களுக்கெல்லாம் வேலைச் செய்தி வந்திருக்கிறது. நெருங்கினவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும், தூரத்து ஆளுக்குத்தான் புதுச் செய்தி தெரியும், அவ்வளவுதான் விஷயம். பண்டாரவளையில் தேயிலைக்காரர் பத்துப் பேர் சேர்ந்தால் பத்துப் பேரும் ஒரே செய்தியைத்தான் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். வகுப்பில் உங்கள் பக்கத்தில் ஒரு தனியார் வைத்தியசாலைக்காரர், ஆடைத் தொழிற்சாலைக்காரர், ஹோட்டல்காரர் உட்காருவார். ஆடைத் தொழிற்சாலைக்காரர் தொழிலாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கும் வெளிநாட்டு வாங்குபவரின் சமூகத் தணிக்கையைப் பல வருடமாகத் தாங்கிப் பழகியவர். சூழலையும் தொழிலாளர் நிலையையும் பார்த்துத் தரும் ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழுக்குக் கோப்புத் தயாரிக்கிற உங்களுக்கு அவரோடு ஒரு மத்தியானச் சாப்பாடு போதும், பல சிலைடுகளுக்குச் சமம். என்னைக் கேட்டால் கட்டணத்தில் பாதி அந்த மேசைக்குத்தான். ஆகவே பணம் கட்டுமுன் யார் யார் வருகிறார்கள் என்று பயிற்சி நிறுவனத்திடம் கேளுங்கள், பெயர் தரமாட்டார்கள், துறையும் பதவியும் சொல்வார்கள். பாதிப் பேர் ஒரே வங்கிக் குழுமத்திலிருந்து வருகிறார்கள் என்றால் அடுத்த தொகுதிக்குக் காத்திருங்கள்.

அப்புறம் நம்ம தோட்டத் தொழிலின் பழக்கம் ஒன்று இதற்கு நேர் எதிர்த் திசையில் இழுக்கும். பெரிய துரை (முகாமையாளர்), சின்னத்துரை (உதவி முகாமையாளர்), கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படி படியாக வைத்து, பங்களாவை மேட்டிலும் லயத்தைப் பள்ளத்திலும் கட்டி, தூரத்தைத்தான் நிர்வாகமாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துத் துரைமாருக்கென்று அச்சடித்த தமிழ்க் கைநூல்களிலும் ஏவல் வாக்கியங்களுக்குப் பஞ்சமில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் திரும்பக் கம்பனிகளிடம் வந்தது, ஆனால் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் யார் எங்கே நிற்பது என்பது அதிகம் மாறவில்லை. உங்களுடையது தோட்டம் இல்லை, தனியார் தொழிற்சாலை, சரி. உங்கள் உதவி முகாமையாளர்களில் எத்தனை பேர் தோட்டத்தில் சின்னத்துரையாகப் பழகி வந்தவர்கள் என்று பாருங்கள். அங்கே கற்ற குரல் இங்கே சிறுதோட்டக்காரரிடமும் வரும். அந்த மனிதர் உங்கள் தொழிலாளி இல்லை, சொந்தக் காணிக்காரர், நாளைக் காலை வேறு லொறிக்குக் கைகாட்டிவிடுவார்.

தோட்டத் தரப்பில் இதனால் என்ன ஆனது என்பதற்குச் சம்பளப் பிரச்சினையே சாட்சி. பல வருடங்கள் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் குறைகள் ஏராளம், தொழிலாளி பக்கத்தில் நின்று பார்த்தால் மிகவும் கசப்பான ஒப்பந்தங்கள் இருந்தன. ஆனாலும் அது ஒரு மேசை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று சம்பளச் சபை வழியாக வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறின. அதன் பின் 2024இல் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம்வரை எல்லாம் வர்த்தமானி, வழக்கு, திரும்ப வர்த்தமானி என்று போனது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, குறைந்தால் அரைப் பேரா (பாதிச் சம்பளமா), தூரத்து மலைக்கு நடக்கிற நேரம் கணக்கா என்ற கேள்விகள் மேசையிலிருந்து எழுந்து கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு மடுவத்துக்கும் போய் உட்கார்ந்துகொண்டன. அங்கே அவற்றைப் பேசித் தீர்க்கிற திறமை உள்ள உதவி முகாமையாளர் இருக்கும் தோட்டத்தில் வேலை நடக்கிறது, இல்லாத இடத்தில் வேலைநிறுத்தம் நடக்கிறது. வகுப்பில் ‘பங்காளர்களோடு உரையாடல்’ என்று ஒரு அமர்வு வரும்போது இதை எடுத்துப் பேசுங்கள், அங்கே இருப்பவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

அதிகமான முகாமையாளர்கள் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. 300 கொழுந்துக்காரரின் உறவு உங்களிடம் இல்லை. அது கொழுந்து உத்தியோகத்தரிடமும் இரண்டு மூன்று லொறி ட்ரைவர்களிடமும் இருக்கிறது. அந்த உத்தியோகத்தர் பத்தாயிரம் ரூபா கூடச் சம்பளத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போனால் ஒரு பாதை முழுவதும் அவரோடு போய்விடும், அது உங்களுக்குத் தெரிந்த கதையாகத்தான் இருக்கும். இதற்கு மருந்து அவரைச் சந்தேகப்படுவது இல்லை. கொழுந்துக்காரர்களுக்குக் கொடுத்த வாக்குகளைக் கம்பனியின் வாக்காக மாற்றுவது. யாருக்கு எப்போது எவ்வளவு அட்வான்ஸ் என்று சொன்னோம், யாருடைய வழியில் பாலம் போட ஆளனுப்புகிறோம் என்றோம், யாருக்கு நிறுவைச் சண்டை இருந்து தீர்ந்தது, இதெல்லாம் ஒரு சாதாரணக் கொப்பியில் இருந்தால் போதும், மென்பொருள் வாங்கச் சொன்னால் பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நீங்களும் மாதத்தில் சில காலைகள் லொறியோடு போங்கள், முன்னறிவித்தல் கொடுக்காமல். சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபையின் பரிசோதகரோடும் கிராமச் சங்கங்களோடும் நேரடியாகப் பழகுங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து அந்த வருடக் கடைசியில் திரும்ப எடுத்தார்களே, அந்த மாதங்களிலும், 2022இல் டீசல் வரிசையில் லொறிகள் நின்ற காலத்திலும், எந்தத் தொழிற்சாலை விலை இறங்கும்போது நேரே வந்து சொன்னது, எது ட்ரைவரை மட்டும் அனுப்பிவிட்டு ஒளிந்தது என்பதைக் கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை.

உறவு என்ற பெயரில் வரக்கூடாதவையும் உண்டு, சில பயிற்சிகளில் இதை மழுப்பிவிடுகிறார்கள். பக்கத்துத் தொழிற்சாலைக்காரரோடு தேநீர் குடிக்கலாம், கொழுந்து விலையை இருவரும் சேர்ந்து இறக்கி வைப்பது கூட்டுச்சதி. அதிகாரிக்குப் புதுவருடத் தேயிலைப் பொதி கொடுப்பது எங்கே மரியாதை, எங்கே லஞ்சம் என்பதற்குக் கம்பனியில் எழுதிய விதி இல்லாவிட்டால் வகுப்பு முடிந்து வந்ததும் முதல் வேலையாக எழுதுங்கள். அட்வான்ஸிலும் ஒரு ஆபத்து இருக்கிறது: திருப்பிக் கட்ட முடியாத அளவு கொடுத்து ஒருவரைக் கட்டிப்போட்டால் அவர் உங்களை விட்டுப் போகமாட்டார்தான், ஆனால் நல்ல கொழுந்தும் தரமாட்டார்.

பயிற்சி நிறுவனத்தை எப்படி எடைபோடுவது? டொனால்ட் கிர்க்பற்றிக் என்பவர் 1950களின் கடைசியில் பயிற்சியை அளக்க நான்கு படி சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, கம்பனிக்குப் பலன் வந்ததா. கடைசி நாள் மாலை நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் தாள் முதல் படியை மட்டும் அளக்கிறது, ஏ.சி. நன்றாக இருந்தால் அதில் எல்லாருக்கும் நல்ல மதிப்பெண்தான். எனவே ‘மூன்று மாதம் கழித்து என்ன செய்வீர்கள்’ என்று கேளுங்கள். வகுப்புக்கு முன் சொந்தப் பிரச்சினை ஒன்றை எழுதி அனுப்பச் சொல்கிறார்களா, பின்னால் அதே ஆட்கள் திரும்பக் கூடுகிறார்களா, உங்கள் மேலதிகாரியை ஒருமுறையாவது கூப்பிட்டுப் பேசுகிறார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது பேச்சுக் கச்சேரி.

திரும்பக் கூடுவதைப் பற்றி ஒரு சிறு வரலாறு. பிரித்தானிய நிலக்கரிச் சபையில் 1940களில் கல்விப் பொறுப்பில் இருந்த ரெக் ரெவன்ஸ் என்பவர், சுரங்க முகாமையாளர்களுக்கு வெளியிலிருந்து நிபுணர்களைக் கொண்டுவருவதைவிட அவர்களையே சின்னக் குழுக்களாக உட்காரவைத்து, ஒருவர் சுரங்கத்துப் பிரச்சினையை மற்றவர் கேள்வி கேட்கட்டும் என்று விட்டார். சுரங்கமும் மலைநாட்டுத் தேயிலையும் இந்த விஷயத்தில் ஒன்று: தனித்தனி இடம், தனித்தனித் தலைவலி, வெளியாளுக்குப் புரியாத தொழில். கொழும்பிலிருந்து வந்ததும் நீங்களே இதை ஏன் தொடங்கக்கூடாது? உங்கள் கொழுந்துப் பாதையில் போட்டி போடாத, ஹாலிஎலயோ வெலிமடையோ அப்பால் ஹட்டன் பக்கமோ உள்ள ஐந்தாறு முகாமையாளர்கள், மாதம் ஒருமுறை, ஒருவருடைய தொழிற்சாலையில், ஒரே ஒரு பிரச்சினை. விலை பேசக்கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள்.

கொழும்புக் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் அதுருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது, தோட்டத்தரப்புக்கென்றே ஏற்படுத்தியது. உங்கள் உதவியாளர்களை அங்கேதான் அனுப்ப வேண்டும், அவர்களுக்குக் கொழும்பு ஹோட்டல் வகுப்பைவிட அதுதான் ஒட்டும். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து பயிற்சி மாணவர் ஒருவரைக் கேட்டு எடுத்து நிறுவைச் சண்டைகளை மூன்று மாதம் பதிவுசெய்ய விட்டால் செலவும் குறைவு, உங்களுக்கு வகுப்பில் எடுத்துப் போட ஒரு உண்மையான சம்பவமும் கையில் கிடைக்கும்.

கடைசியாக பாண்ட். இரண்டு வருடம் என்பது நாட்டு நடப்புதான், பயப்பட வேண்டாம், ஆனால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறையும்படி எழுதச் சொல்லுங்கள். எட்டு மாதம் வேலை செய்தால் மூன்றில் ஒரு பங்கு கழிய வேண்டும். அதே கடிதத்தில் உங்கள் பக்கத்துக் கோரிக்கை ஒன்றையும் சேருங்கள்: ஈர வெட்டு விதியை எழுதி ஒட்டவும், லொறித் தராசுகளை மாற்றவும், குறிப்பிட்ட தொகைவரை அட்வான்ஸைத் தீர்மானிக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று. உரிமையாளர் அதற்கு இழுத்தடித்தால் இந்த வருடம் வகுப்பை விட்டுவிடுங்கள், அந்த அதிகாரம் இல்லாமல் கற்று வந்து செய்ய ஒன்றும் இருக்காது. சம்மதித்தால் ஜூலைக்கு முன் நடக்கும் தொகுதியில் பெயரைக் கொடுங்கள், நம்ம பக்கத்துத் தேயிலையின் தரம் கூடும் ஊவாச் சீசன் தொடங்கிவிட்டால் செப்டெம்பர் முடியும்வரை உங்களை நான்கு நாள் யாரும் வெளியே விடமாட்டார்கள்.